உலராத தரையின் மேல் பூசிய மெருகு

சென்ற தலைமுறையில் கடை கட்டியவர், கூரையைப் பற்றியும் கதவைப் பற்றியும் கவலைப்பட்டாரேயன்றித் தரையைப் பற்றி அதிகம் விசாரப்பட்டதில்லை. மண்ணைக் கொட்டித் திமிசு போட்டு, ஜல்லிக் கலவையை விரித்து, மட்டப்பலகையால் இழுத்து, மேலே சிமெண்ட் பாலை ஊற்றிக் கரணையால் தேய்த்துவிட்டால் அதுவே தரை என்று திருப்தியடைந்தார். வசதியுள்ளவர் சிவப்பு ஆக்சைடு தூவித் தேய்த்துத் தேங்காயெண்ணெய் தடவி மினுமினுப்பு ஏற்றிக்கொண்டார். இன்றோ, நெய்வேலி டவுன்ஷிப்பின் கடைவீதியானாலும் சரி, மந்தாரக்குப்பத்துச் சாலையோரப் பட்டறையானாலும் சரி, புதிதாகக் கான்கிரீட் தளம் போடுகிறவர் அதன்மேல் 'சீலர்' என்னும் பூச்சைப் பூசிக் கண்ணாடிபோல் ஆக்கிக்கொள்ள விரும்புகிறார். எண்ணெய் சிந்தினால் ஊறக்கூடாது, சிமெண்ட் தூசி கிளம்பக்கூடாது, பெருக்கித் துடைக்க எளிதாக இருக்க வேண்டும் என்கிற அவருடைய விருப்பம் நியாயமானதே.

ஆனால் பூசி முடித்த சில தினங்களிலோ முதல் மழைக்குப் பிறகோ அந்தக் கண்ணாடியில் பால் சிந்தியதுபோல் வெண்மை படர்கிறது. வேறொரு கடையில் ஷட்டரை ஒட்டிய பாகம் மட்டும் மஞ்சளிக்கிறது. இன்னொரு பட்டறையில் திட்டுத்திட்டாகக் கருமை தோன்றுகிறது. பெயிண்டர் கொத்தனாரைக் குறை கூறுகிறார்; கொத்தனார் சிமெண்டைக் குறை கூறுகிறார்; சிமெண்ட் விற்றவர் சீலரின்மேல் பழியைப் போடுகிறார். இந்த வழக்கைக் கேட்டுச் சலித்துப்போன கடைக்காரர், ஹார்டுவேர் கடைக்குப் போய் இன்னொரு டப்பா சீலர் வாங்கிவந்து பழைய பூச்சின் மேலேயே பூசிவிடுகிறார். வியாதி என்னவென்று அறியாமல் மருந்தை இரட்டிப்பாக்கும் இந்தக் காரியந்தான் பெரும்பாலான தரைகளை மீட்க முடியாத ஸ்திதிக்குக் கொண்டுபோய் விடுகிறது. ஆகையால் சீலரின் நிறம் ஏன் மாறுகிறது, மாறியதை எவ்விதம் சரிசெய்வது, மாறாமல் காப்பது எப்படி என்ற மூன்று விஷயங்களையும் சற்று நிதானமாகப் பார்ப்பது பிரயோஜனமாக இருக்கும்.

நிலத்தடி நீரின் வலிமையை நெய்வேலிக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1956-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாகி, 1957 மே மாதத்தில் பிரதமர் ஜவஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்த பிறகு, 1961 ஆகஸ்டில்தான் முதல் நிலக்கரி கண்ணில் பட்டது. அந்த இடைக்காலத்தில் பொறியாளர்களை அதிகம் வருத்திய சிக்கல்களில் ஒன்று, நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு தேங்கியிருந்த ஊற்று நீர். சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்திய அந்த நீரை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாலொழியச் சுரங்கத்தின் அடித்தளமே பொங்கிப் பிளந்துவிடும் என்ற நிலைமை இருந்தது. தோண்டியெடுக்கும் நிலக்கரியிலும் ஏறக்குறையப் பாதி எடை நீர்தான். திடமாகத் தோன்றும் ஒரு பொருளுக்குள் நீர் எவ்வளவு ஒளிந்திருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். ஆனால் ஒரு விஷயத்தில் தெளிவு அவசியம்: கடைத் தரையைக் கெடுப்பது ஆழத்திலுள்ள அந்த ஊற்று நீரன்று. அது கான்கிரீட்டுக்குள்ளேயே நாம் ஊற்றிய நீர். அல்லது மழைக்காலத்தில் தரைக்கடியிலுள்ள மண் குடித்துவைத்த நீர்.

நாம் ஊற்றும் நீர் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 20 அடிக்கு 10 அடி அளவுள்ள ஒரு கடைக்கு 4 அங்குலக் கனத்தில், ஒன்றுக்கு ஒன்றரை மணலும் மூன்று பங்கு ஜல்லியும் சேர்த்துத் தளம் போடுவதாக வைத்துக்கொள்வோம். சுமார் 15 மூட்டை சிமெண்ட் செலவாகும். மூட்டைக்கு 25 லிட்டர் என்று சிக்கனமாகக் கணக்கிட்டாலும் 375 லிட்டர் நீர் கலவைக்குள் போகிறது. சிமெண்ட் இறுகுவதற்கான ரசாயனச் சேர்க்கைக்கு அதன் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு நீர் போதும். மற்ற நீர் கலவை குழைந்து கொடுப்பதற்காக ஊற்றப்படுவது. ஆகவே ஏறக்குறைய 190 லிட்டர் நீர், தரை கல்லாக இறுகிய பின்பும் அதன் நுண்ணிய துவாரங்களில் தங்கிவிடுகிறது. அதில் ஒரு பகுதி சிமெண்ட் பசையோடு ஒட்டி அங்கேயே நின்றுவிடும் என்றாலும், மிச்சமெல்லாம் ஆவியாகி மேற்பரப்பு வழியாகத்தான் வெளியேற வேண்டும். அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டடத் தொழிலில் வழங்கும் உத்தேசக் கணக்கு; அதன்படி 4 அங்குலத் தரை உள்ளும் புறமும் உலர நான்கு மாதங்களாகும். மேலே கை வைத்துப் பார்த்தால் இரண்டே நாளில் உலர்ந்ததுபோல் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பியே பலரும் மோசம் போகிறார்கள்.

இப்படிப்பட்ட தரையின் மேல் அக்ரிலிக் சீலரைப் பூசும்போது நேர்வது என்ன? அக்ரிலிக் என்பது ஒருவகைப் பிளாஸ்டிக்கை சைலீன் போன்ற கரைப்பானிலோ நீரிலோ கலந்த திரவம். பூசியதும் கரைப்பான் பறந்துபோக, பிளாஸ்டிக் மட்டும் மெல்லிய தோலாகத் தரைமேல் ஒட்டிக்கொள்கிறது. கீழிருந்து ஏறிவரும் ஈரம் அந்தத் தோலுக்கடியில் தடுக்கப்பட்டு நுண்துளிகளாகத் தங்கும். தோல் கனமாக இருந்தால் தப்பிக்க வழியே கிடையாது. நிறமற்ற நீர்த்துளிகள் கூடியே மேகம் வெண்மையாகத் தெரிவதுபோல, ஒளியை நாற்புறமும் சிதறடிக்கும் அந்த நுண்துளிகளால் நிறமற்ற பூச்சும் பால்போல் வெளுத்துத் தெரிகிறது. சாயமோ அழுக்கோ அங்கே கிடையாது. வழியடைக்கப்பட்ட நீரே அப்படிக் காட்சி தருகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் பூசினாலும், ஒரே தடவையில் கனமாகப் பூசினாலும், கத்திரி வெயிலில் தகிக்கும் தளத்தின்மேல் பூசினாலும் இதே விளைவு உண்டாகும். கத்திரியில் மேல் தோல் சட்டென்று காய்ந்துவிட, கரைப்பானின் ஆவி உள்ளே அகப்பட்டுச் சின்னஞ்சிறு குமிழிகளாக நிற்கும்; தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் வெண்மையே.

வெண்மையாகத் தோன்றுவன எல்லாம் ஒரே ஜாதி அல்ல. சிமெண்ட் இறுகும்போது சுண்ணாம்புச் சத்து ஒன்று பிரிகிறது. ஈரத்தில் கரைந்து மேலே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து, நீரில் எளிதில் கரையாத வெண்தூளாக அது படிகிறது. சுவரில் கண்டால் 'உப்புப் பூத்திருக்கிறது' என்போமே, அதே சங்கதிதான். இது பூச்சுக்கு அடியில் நேர்ந்தால் பூச்சையே தள்ளி உரித்துவிடும். இவ்விடத்தில் நெய்வேலிக்கு ஒரு சம்பந்தம் உண்டு. நிலக்கரியை எரித்த அனல் மின் நிலையங்களின் சாம்பல் இன்று குப்பையாகக் கிடப்பதில்லை. சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. நாம் சாதாரணமாக வாங்கும் பி.பி.சி. சிமெண்டில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல் மின் நிலையச் சாம்பல் கலந்திருக்கலாம் என்பது இந்தியத் தரநிர்ணயம். இந்தச் சாம்பல் மேற்சொன்ன சுண்ணாம்பைப் பிடித்து உறுதியான பசையாக மாற்றிக்கொள்வதால் உப்புப் பூப்பது குறையும். ஆனால் சாம்பல் சோம்பலான சுபாவமுடையது. தன் வேலையைச் செய்ய அதற்கு அவகாசமும் ஈரமும் வேண்டும். அதனால்தான் ஐ.எஸ். 456 என்ற விதிநூல், சாதாரண சிமெண்டுக்கு குறைந்தது 7 நாள் நீர் காட்டச் சொல்லும்போது, சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாளும், வெப்பமும் வறட்சியும் மிகுந்த காலத்தில் 14 நாளும் நிர்ணயிக்கிறது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தாமல் காலையும் மாலையும் குழாயால் நனைத்துவிட்டுப் போகிறவர், அந்தச் சாம்பலின் நன்மையை இழந்து தரையில் தூசியையும் உப்பையும் சம்பாதித்துக்கொள்கிறார்.

அக்ரிலிக்கைவிட விலையுயர்ந்த எபாக்சி பூசியவருக்கு வேறுவித அனுபவம் நேரும். ஈரமும் குளிர்ச்சியும் சேர்ந்த இரவில் பூசினால், அதன் கெட்டிப்படுத்தும் பொருள் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து, தொட்டால் மெழுகுபோல் வழவழக்கும் மங்கலான படலத்தை உண்டாக்கும். அதைக் கழுவாமல் இரண்டாம் பூச்சைப் பூசினால் அது ஒட்டாமல் உரிந்துவரும். எபாக்சியின் மற்றொரு பலவீனம் சூரிய ஒளி. ஷட்டரைத் திறந்தவுடன் வெயில் விழும் இடம் மட்டும் மஞ்சளாக மாறி, உள்ளே அலமாரிக்கடியில் நிறம் அப்படியே நிற்குமானால், புறஊதாக் கதிரே குற்றவாளி என்று தயக்கமின்றித் தீர்மானிக்கலாம். இருசக்கர வாகனப் பட்டறைகளில் டயர் நின்ற இடத்தில் பழுப்பு வட்டம் விழுவதற்கு ரப்பரை நெகிழ்வாக வைப்பதற்குச் சேர்த்த எண்ணெய்ப் பொருள்கள் பூச்சுக்குள் குடியேறுவது காரணம். அறுத்த இரும்பின் துகள் ஈரத்தில் துருவேறினால் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் விழும்.

கருமைத் திட்டுகளுக்கோ பூச்சைக் குறைகூற நியாயமில்லை. கான்கிரீட்டின் துவாரங்களைச் சீலர் நிரப்பும்போது அது நனைந்த தரைபோலக் கருமையாகத் தெரிவது இயல்பு. ஓரிடத்தில் கரணையால் அழுத்தித் தேய்த்தும், வேறிடத்தில் லேசாகத் தடவியும் விட்டிருந்தால் ஒவ்வோரிடமும் வெவ்வேறு அளவில் பூச்சைக் குடிக்கும். நீர் காட்டும்போது பிளாஸ்டிக் தாள் சுருக்கம் சுருக்கமாகக் கிடந்தாலும், சீக்கிரம் இறுகட்டும் என்று கால்சியம் குளோரைடு சேர்ந்த மருந்தைக் கலந்தாலும் அந்த இடங்கள் கறுத்துப்போகும். இவையெல்லாம் சீலர் வருவதற்கு முன்பே தரையில் எழுதப்பட்டவை. சீலர் அவற்றை வாசித்துக் காட்டுகிறது, அவ்வளவே.

வியாதியைக் கண்டறிய வைத்தியசாலை வேண்டியதில்லை. கடைக்காரரே செய்யக்கூடிய சில சோதனைகள் போதும். வெளுத்த இடத்தில் ஒரு பருத்தித் துணியைச் சைலீனில் நனைத்து லேசாகத் தடவினால், பூச்சு இளகித் தெளிவு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பினால் அது அக்ரிலிக்கில் அகப்பட்ட ஈரமோ குமிழியோதான். பூச்சு உரிந்த இடத்தில் நீரை ஊற்றியவுடன் வெண்மை மறைந்து, உலர்ந்ததும் திரும்ப வந்தால் அது உப்பு. நீர்த்த அமிலத் துளி பட்டு நுரைத்தால் அந்த எண்ணம் வலுப்படும். தரை இன்னும் ஈரமா என்பதை அறிய, ஒன்றரை அடிச் சதுரமான பாலிதீன் தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பினால் இடைவெளியின்றி ஒட்டி, 16 மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுவைக்க வேண்டும். தாளின் உட்புறத்தில் துளிகள் நின்றாலும், அடியிலுள்ள கான்கிரீட் கறுத்திருந்தாலும் பூச்சு வேலைக்கு அந்தத் தரை தயாராகவில்லை. ஆனால் துளி தோன்றாவிட்டாலும் முற்றும் உலர்ந்துவிட்டது என்று சத்தியம் செய்ய முடியாது. பெரிய தளமானால், கனத்தில் ஐந்தில் இரண்டு பங்கு ஆழத்துக்குத் துளையிட்டு ஈரப்பதமானி வைத்துப் பார்ப்பதே உறுதியான முறை.

சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. அக்ரிலிக் மெல்லியதாகப் பூசப்பட்டு, ஈரம் அகப்பட்டதால் வெளுத்திருந்தால், முதலில் தரை உலரக் காத்திருந்து, பிறகு ரோலரால் சைலீனைச் சிறுசிறு பகுதியாகத் தடவினால் போதும். பூச்சு மறுபடி இளகி, உள்ளிருக்கும் ஈரத்துக்கும் குமிழிக்கும் வழிவிட்டு, மீண்டும் தெளிவாகப் படியும். பல தடவை பூசிக் கனத்துப்போயிருந்தால், கரைக்கும் மருந்தால் முழுவதையும் உரித்தெடுத்துவிட்டு மறுபடி தொடங்குவதே சிக்கனம். உப்பு பூத்ததற்குப் பூச்சை அகற்றி, நீர்த்த அமிலத்தால் தேய்த்து, நன்றாகக் கழுவி, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டு அதை நிறுத்திய பின்பே மறுபூச்சுப் பூச வேண்டும். ஈரத்தின் வழி அடைபடாதவரை உப்பு திரும்பத் திரும்ப வரும். எபாக்சியின் மெழுகுப் படலத்தை வெந்நீரும் மிதமான சோப்பும் நீக்கும். மஞ்சளித்த எபாக்சியை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, வெயிலைத் தாங்கும் அலிஃபாட்டிக் பாலியூரிதேன் பூச்சு ஒன்றை மேலே தரலாம். சோடியம் சிலிகேட் என்னும் இறுகுமருந்து ஊற்றியவர் மீதியைக் கழுவாமல் விட்டு வெண்பொருக்குப் படிய வைத்திருந்தால், அது முற்றிலும் இறுகுமுன் வெந்நீர்விட்டுத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவ வேண்டும். நாளாகிவிட்டால் அரவை இயந்திரம் தவிர வேறு வழியில்லை.

சைலீனைக் கையாளும்போது ஓர் எச்சரிக்கை. அது எளிதில் தீப்பற்றும். அதன் ஆவி தலைசுற்றலையும் மயக்கத்தையும் உண்டாக்கும். வெல்டிங்கும் கிரைண்டிங்கும் நடக்கும் பட்டறைகளில் அன்றைய தினம் அவ்வேலைகளை முற்றிலும் நிறுத்தி, ஷட்டரையும் ஜன்னலையும் திறந்து, ரசாயன ஆவியைத் தடுக்கும் முகமூடி அணிந்துகொண்டு, நனைந்த துணிகளை மூடியுள்ள தகர டப்பாவில் போட வேண்டும். அமிலத்தை நீர்க்கச் செய்கிறபோது நீரில் அமிலத்தை ஊற்ற வேண்டுமேயன்றி அமிலத்தில் நீரை ஊற்றக்கூடாது.

வந்த குற்றத்தைத் திருத்துவதைவிட வராமல் காப்பது மலிவு என்பதால், தளம் போடும்போதே சில காரியங்களைச் செய்துவிடுவது விவேகம். மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே 250 மைக்ரான் பாலிதீன் விரித்து, ஓரங்களை ஒன்றன்மேலொன்று ஏற்றி ஒட்டிவிட்டால், வடகிழக்குப் பருவமழையின் ஈரம் மண்ணிலிருந்து மேலேறாது. கலவை இளகவில்லை என்று கொத்தனாரோ சித்தாளோ வாளியைத் தூக்கும்போது தடுப்பதற்கு ஒருவர் அருகில் நிற்க வேண்டும். அதிக நீருள்ள கலவை உலர நெடுநாள் பிடிக்கும், மேலே சிமெண்ட் பாலாகப் பலவீனமான தோலும் படியும். நீர் காட்டியபின் தரைக்கு ஓய்வு தர வேண்டும். காத்திருக்க இயலாதவர், தோலாகப் படியும் பூச்சை விட்டு, துவாரங்களில் ஊறி நீராவியை வெளியே விடும் சிலேன், சிலாக்சேன் போன்றவற்றையோ லித்தியம் சிலிகேட் இறுகுமருந்தையோ நாடலாம். கண்ணாடிபோன்ற பளபளப்பு இவற்றில் கிடைக்காது. வெண்மை படரும் பயமும் பெரும்பாலும் இல்லை.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். இந்த ஊரில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்கிற மழையும் சித்திரை, வைகாசி மாதங்களின் வெயிலும் பூச்சு வேலைக்கு விரோதிகள். தை பிறந்து பங்குனி முடியும்வரையுள்ள காலம் உகந்தது. அப்போதும், அதிகாலைப் பனி தரையில் படிந்திருக்கும்போது வேலையைத் தொடங்கக்கூடாது. காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படியும் வெப்பநிலையைவிடத் தரையின் வெப்பம் குறைந்தது 3 டிகிரியாவது அதிகமிருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலின் விதி. தரை சூடேறுகையில் அதிலுள்ள காற்று விரிந்து வெளியேறிப் பூச்சில் குமிழியிடும். ஆதலால் வெயில் தணியத் தொடங்கும் பிற்பகலில் பூசுவது உத்தமம். ஒரு கனமான பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சுகள் எப்போதும் மேலானவை.

இவ்வளவையும் கேட்ட கடைக்காரர், இதற்கெல்லாம் எனக்கு எங்கே அவகாசம் என்று கேட்பார். அவர் கேள்வியிலும் நியாயமுண்டு: அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, வாடகை ஓடுகிறது, திறப்பு விழாவுக்கு நல்ல நாளும் குறித்தாயிற்று. ஆனால் கணக்கைச் சரியாகப் போட்டால், உரித்துத் திரும்பப் பூசும் செலவும், அதற்காகச் சரக்கையும் இயந்திரங்களையும் வெளியே தூக்கிவைத்துக் கடையை அடைக்கும் நாட்களின் நஷ்டமும் காத்திருப்பின் வாடகையைவிடப் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். திறப்பு விழாத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் தரைக்கு நாள் ஒதுக்குவதைவிடத் தளம் போட்ட தேதியிலிருந்து முன்னோக்கி எண்ணி விழாவுக்கு நாள் குறிப்பதே முறை. அதற்கு மனமில்லாதவர் முதல் வருஷம் வெறும் கான்கிரீட் தரையிலேயே வியாபாரம் நடத்தட்டும். பெருக்கித் துடைக்கச் சற்று சிரமமிருக்கும், எண்ணெய்க்கறை ஒன்றிரண்டு ஊறும், அந்த இடங்களைப் பின்னர் எண்ணெய் நீக்கும் சோப்பால் தேய்த்துச் சுத்தப்படுத்திக்கொள்ளலாம். அடுத்த மாசி மாதத்தில் பாலிதீன் தாளை ஒட்டிப் பார்த்து, அது துளியின்றி இருக்கக் கண்ட பிறகு, கொத்தனாரையும் பெயிண்டரையும் ஒருசேர வைத்துக்கொண்டு பூச்சு வேலையைத் தொடங்கட்டும். அப்போது பூசும் சீலர் நிறம் மாறாமல் நிற்கும். ஒருகால் மாறினாலும், தரையில் ஈரமில்லை என்று தெரிந்திருப்பதால், குற்றம் பூச்சிலா பூசிய முறையிலா என்று நிர்ணயிப்பதற்கு மூவரும் சண்டையிட வேண்டியிராது.